பட்டாம்பூச்சிக்கு முன்னால் ஒரு வானிலைக்காரர்: எட்வர்ட் லோரென்ஸ்

"பட்டாம்பூச்சி விளைவைச் சொன்ன லோரென்ஸ் கணித மேதையா, வானிலை ஆய்வாளரா? இரண்டாம் உலகப்போரில் இராணுவத்தில் இருந்தவர் என்கிறார்களே, அதற்கும் அவர் கண்டுபிடித்ததற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? ஆள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறவன். வருடம் தவறாமல் இவரைப் பற்றி வகுப்பில் பேசுவேன். பிடித்த ஆளைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மின்காந்தவியலில் 'லோரென்ட்ஸ் விசை' என்று படித்திருப்பீர்கள். அவர் ஹாலந்துக்காரர், வேறு ஆள். வாத்துக்குஞ்சுகளைத் தன் பின்னால் நடக்கவைத்த கான்ராட் லோரென்ஸ் ஆஸ்திரியாக்காரர், அவரும் வேறு. நீங்கள் கேட்பவர் எட்வர்ட் நார்ட்டன் லோரென்ஸ், அமெரிக்கர். 1917 மே 23 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் பிறந்தார். 2008 ஏப்ரல் 16 அன்று, 90 வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தன் வீட்டில் காலமானார்.

கணிதம் படித்தவர், போர் அவரை வானிலைப் பக்கம் திருப்பியது, அதற்கப்புறம் கடைசிவரை வானிலைக்காரராகவே இருந்தார். என்னைக் கேட்டால் அந்த மூன்றாவதுதான் முக்கியம். 'கேயாஸ் கோட்பாட்டின் தந்தை' என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். (தொடக்கத்தில் இருக்கும் சின்ன வித்தியாசம் போகப் போகப் பெரிதாகி முடிவையே மாற்றிவிடும் என்பதுதான் பட்டாம்பூச்சி விளைவு. அப்படி நடந்துகொள்ளும் அமைப்புகளைப் பற்றியதுதான் கேயாஸ் கோட்பாடு.) நாளைக்கு மழை வருமா என்ற சாதாரணக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடப் போய்த்தான் அவர் அந்தக் கண்டுபிடிப்பில் வந்து நின்றார்.

எண் பைத்தியம் அவருக்குச் சின்ன வயதிலேயே இருந்தது. குழந்தையாகத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் கூட்டிப்போகும்போது, போகிற வழியில் உள்ள வீட்டு எண்களையெல்லாம் படித்துக்கொண்டே போவாராம். கொஞ்சம் வளர்ந்ததும் வர்க்க எண்களில் மோகம். அப்பா இயந்திரப் பொறியாளர், எம்.ஐ.டி.யில் படித்தவர். (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். இனி எம்.ஐ.டி. என்றால் அதுதான்.) அம்மா வழித் தாத்தா லூயிஸ் நார்ட்டன் அங்கேயே வேதியியல் பேராசிரியர், 1888-ல் வேதிப் பொறியியலுக்கென்று தனிப் பாடத்திட்டத்தைத் தொடங்கியவர். அம்மாவுக்கு விளையாட்டுகளில் ஈடுபாடு, அதிலும் சதுரங்கம் என்றால் தனிப் பிரியம். எண்ணும் புதிரும் சதுரங்கக் கட்டமுமாக வளர்ந்த பையன். வானம் மாறுவதைக் கவனிப்பதும் அப்போதே பிடிக்கும் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அதைத் தொழிலாக நினைத்ததில்லை.

1938-ல் டார்ட்மத் கல்லூரியில் கணிதப் பட்டம், 1940-ல் ஹார்வர்டில் முதுகலை. ஹார்வர்டில் அவருக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் பர்காஃப். கோள்களின் இயக்கத்தை வைத்து, காலப்போக்கில் ஓர் அமைப்பு எப்படி மாறும் என்ற கணிதத்தில் அந்நாளில் அமெரிக்காவிலேயே பெரிய ஆள். இப்படியே போயிருந்தால் லோரென்ஸ் ஒரு கணிதப் பேராசிரியராக ஆகியிருப்பார்.

1942 வந்தது. அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது, இளைஞர்கள் எல்லோரும் எப்படியும் படைக்குப் போயாக வேண்டும். விமானப்படைக்கு அப்போது ஆயிரக்கணக்கில் வானிலை அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். அதுவரை நாட்டில் வானிலை படித்தவர்களே கொஞ்சம்தான். அதனால் கணிதமும் இயற்பியலும் தெரிந்த இளைஞர்களைப் பொறுக்கி எடுத்து, சில பல்கலைக்கழகங்களில் வைத்து அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். லோரென்ஸ் அதில் சேர்ந்தார். இடம், அதே எம்.ஐ.டி. 1943-ல் வானிலை அறிவியலில் முதுகலை முடித்து, அடுத்து வந்த வீரர்களுக்கு அங்கேயே பாடம் நடத்தினார். அப்புறம் பசிபிக் போர்முனைக்கு அனுப்பினார்கள். முதலில் சைபான் தீவு, பிறகு ஒக்கினாவா. வேலை, விமானங்கள் பறக்கும் உயரத்தில் காற்று எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் பாதி இங்கேதான் இருக்கிறது.

சைபானிலிருந்து டோக்கியோ ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து கிளம்பிப் போய்த் திரும்ப வேண்டும், நடுவில் முழுக்கக் கடல். 1944 நவம்பர் 24 அன்று சைபானிலிருந்து டோக்கியோ மீது நடந்த முதல் தாக்குதலுக்கு 111 விமானங்கள் கிளம்பின. குறிவைத்த விமானத் தொழிற்சாலையின் மேல் குண்டு போட்டவை 24 மட்டுமே. ஒரு காரணம் மேகம். இன்னொரு காரணம், ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் வீசிய காற்று. இன்று நாம் 'ஜெட் ஸ்ட்ரீம்' என்கிறோமே, அதுதான். காற்றோடு போனால் விமானம் இலக்கைத் தாண்டிப் பறந்தது, எதிர்த்துப் போனால் நகரவே மாட்டேன் என்றது. போட்ட குண்டு எங்கேயோ போய் விழுந்தது.

அந்தக் காற்றைக் கணிக்கிறவனின் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த அட்சரேகைகளில் வானிலை மேற்கிலிருந்துதான் நகர்ந்து வரும். மேற்கே இருந்ததோ எதிரி பிடித்துவைத்திருந்த நிலம். அங்கிருந்து யார் தகவல் கொடுப்பார்கள்? கையில் இருப்பது சில பலூன் அளவீடுகளும், போய்த் திரும்பிய விமானிகள் சொன்ன சேதிகளும்தான். அதை வைத்துக்கொண்டு வரைபடத்தில் கோடு போட்டு, நாளை காலை மேலே காற்று இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தப்பினால் எரிபொருள் தீர்ந்து ஒரு விமானமே கடலில் இறங்க வேண்டி வரலாம். தொடக்க அளவீட்டில் ஓட்டை இருந்தால் கணிப்பு எங்கே போய் முடியும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொள்வது வேறு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. உயரத்தில் இருந்து குறிதவறிப் போனதால்தான், 1945 மார்ச் 9 இரவு விமானங்களைத் தாழப் பறக்கவிட்டு டோக்கியோ மீது தீக்குண்டுகளைக் கொட்டினார்கள். ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். மேகமும் மேல்காற்றும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். போர்க்காலத்து வானிலை வேலை என்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. லோரென்ஸைப் புகழ்கிறவர்கள் 'வானிலை அதிகாரியாகப் பணியாற்றினார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரிக்குள் இவ்வளவும் அடக்கம்.

1946-ல் படையிலிருந்து வெளியே வந்தார். திரும்பக் கணிதத்துக்குப் போவதா, வானிலையிலேயே தொடர்வதா என்ற குழப்பம். எம்.ஐ.டி. வானிலைத் துறைத் தலைவர் ஹென்றி ஹௌட்டனோடு நீண்ட நேரம் பேசிய பிறகு வானிலையைத் தேர்ந்தெடுத்தார். 1948-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே வருடம் ஜேன் லோபன் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். எம்.ஐ.டி.யில் முதலில் ஆய்வாளர், 1955 முதல் ஆசிரியர், 1977 முதல் 1981 வரை துறைத் தலைவர், 1987-ல் ஓய்வு. ஓய்வுக்குப் பிறகும் அலுவலகம் போவதை நிறுத்தவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரே ஊர், ஒரே நிறுவனம்.

1950-களில் அவர் செய்த வேலைகளில், வளிமண்டலத்தில் இருக்கும் ஆற்றலில் எவ்வளவு காற்றாக மாறக்கூடியது என்ற கணக்கு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அது துறைக்காரர்கள் விஷயம், விட்டுவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது அந்தக் கணினிக் கதை.

அப்போது வானிலைக்காரர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தார், பழைய பதிவுகளை வைத்துப் புள்ளியியல் முறையில் சூத்திரம் போட்டாலே நாளைய வானிலையைச் சொல்லிவிடலாம் என்றார்கள். இன்னொரு பக்கத்தார், காற்றின் இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியில் போட்டுத் தீர்த்தால்தான் சரிவரும் என்றார்கள். இதைச் சோதித்துப் பார்க்க லோரென்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். கணினிக்குள் ஒரு பொம்மை வானிலையை உண்டாக்குவது, பிறகு அது அடுத்து என்ன செய்யும் என்று புள்ளியியல் முறை சரியாகச் சொல்கிறதா பார்ப்பது. அந்தப் பொம்மை வானிலை ஒருபோதும் அச்சு அசலாகத் திரும்ப வரக்கூடாது. வந்தால் புள்ளியியல் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். அப்படித் திரும்பாத வானிலையைப் பிடிக்க அவருக்கு வெகு காலம் ஆனது. கடைசியில் 12 சமன்பாடுகளில் அமைந்தது.

கணினியின் பெயர் ராயல் மெக்பீ எல்.ஜி.பி.-30. ஒரு பெரிய மேசை அளவு. பழைய வால்வு ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி 113 வால்வுகள். நினைவகம் ஒரு சுழலும் காந்த உருளை, அதில் 4,096 சொற்கள்தான் கொள்ளும். அவருடைய அறையிலேயே வைத்து ஓட்டினார், சத்தம் வேறு. அதற்கு நிரல் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் மார்கரெட் ஹாமில்டன். பின்னாளில் அப்பல்லோ விண்கல மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே ஹாமில்டன். அவருக்குப் பின் அந்த வேலைக்கு வந்தவர் எல்லன் ஃபெட்டர். 1963 கட்டுரையில் லோரென்ஸ் அவருக்குப் பெயர் சொல்லி நன்றி எழுதியிருக்கிறார். கேயாஸ் வரலாற்றைச் சொல்லும்போது இந்த இரண்டு பெண்களையும் சொல்லாமல் விடுவது சரியில்லை.

ஒருநாள், பொம்மை வானிலையின் ஒரு பகுதியை இன்னும் விரிவாகப் பார்க்க நினைத்தார். முதலிலிருந்து ஓட்டினால் நேரம் வீண். அதனால் ஏற்கனவே அச்சடித்து வந்த காகிதத்தைப் பார்த்து, நடுவிலிருந்து ஒரு வரி எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு, ஒரு காபி குடித்து வரப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் கணினி இரண்டு மாத வானிலையை ஓட்டி முடித்திருந்தது. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆரம்பத்தில் ஒன்றாகத்தான் போகிறது. பிறகு கடைசி இலக்கத்தில் ஒரு சின்ன வித்தியாசம். கீழே போகப் போக அது பெரிதாகிறது. ஏறக்குறைய நான்கு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு. இரண்டாவது மாதத்தில் இரண்டு தாளுக்கும் சம்பந்தமே இல்லை.

வால்வு ஏதோ போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். அந்தக் கணினியில் அது வாடிக்கை. பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், எங்கே தப்பு தொடங்கியது என்று தாளை வரி வரியாகப் பார்த்தார். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. வால்வு போயிருந்தால் திடீரென்று ஓரிடத்தில் முறிந்திருக்கும். இதுவோ மெல்ல மெல்ல விலகியிருக்கிறது. கணினி உள்ளே ஆறு தசம இலக்கம் வைத்துக்கொள்ளும். தாளில் இடம் மிச்சம் பிடிக்க மூன்றோடு நிறுத்தி அச்சடிக்கும். 0.506127 என்பது தாளில் 0.506 என்று விழும். அவர் தட்டியது தாளில் இருந்த எண்ணை. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வித்தியாசம்தான் இரண்டு மாதத்தில் வானத்தையே மாற்றிவிட்டது.

இதை என் மாணவர்கள் நம்பமாட்டார்கள். அதனால் வகுப்பில் போனை எடுக்கச் சொல்வேன். நீங்களும் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை. 0 முதல் 1-க்குள் ஓர் எண் எடுங்கள். அதை 1-லிருந்து கழியுங்கள். அந்த இரண்டையும் பெருக்கி, நான்கால் பெருக்குங்கள். வரும் விடையை மறுபடி அதே கணக்கில் போடுங்கள். அவ்வளவுதான். இடது பக்கப் பெஞ்சுக்காரர்கள் 0.3-லிருந்து தொடங்குவார்கள், வலது பக்கம் 0.301-லிருந்து. முதல் முறை இந்தப் பக்கம் 0.84, அந்தப் பக்கம் 0.8416; கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்தாம் முறை 0.088, 0.069. ஏழாம் முறை 0.87, 0.77. பத்தாம் முறை இடது பக்கம் 0.04 என்று கத்துவார்கள், வலது பக்கம் 0.62 என்பார்கள். யாரோ தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் சண்டைக்கு வரும். யாரும் தப்பாகத் தட்டவில்லை. இதே வகைச் சமன்பாட்டை லோரென்ஸும் 1960-களில் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். இதில் அதிர்ஷ்டமோ பகடையோ ஒன்றும் கிடையாது, எல்லாம் கறாரான கணக்கு. ஆனாலும் தொடக்கம் துல்லியமாகத் தெரியாதவரை முடிவு கைக்குச் சிக்காது.

பன்னிரண்டு சமன்பாடு அதிகம், இதைவிட எளிமையான ஓர் உதாரணம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். 1961-ல் ஹார்ட்ஃபோர்டில் வேலை செய்துவந்த பாரி சால்ட்ஸ்மன் என்ற ஆய்வாளரைப் பார்க்கப் போனார். அது அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்து நகரம். அடியில் சூடேறிய திரவம் மேலெழுந்து சுழல்வதற்கு சால்ட்ஸ்மன் ஏழு சமன்பாடு வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்ததில் நான்கு மாறிகள் தாமாகவே பூஜ்ஜியத்துக்குப் போய்விட, மிச்சமிருந்த மூன்று மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. அந்த மூன்றை லோரென்ஸ் எடுத்துக்கொண்டார். 1963 மார்ச்சில் ஒரு வானிலை ஆய்விதழில் பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. அந்த மூன்று சமன்பாடுகளை வரைந்தால் இரண்டு சிறகு விரித்த மாதிரி ஒரு வடிவம் வரும். கோடு ஒரு சிறகில் சில சுற்று, இன்னொன்றில் சில சுற்று என்று மாறி மாறிப் போகும், ஒருபோதும் தன்னைத்தானே தொடாது. கணிதக்காரர்கள் யாரும் வானிலை இதழ் படிப்பதில்லை. அதனால் சுமார் பத்து வருடம் அந்தக் கட்டுரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1972-ல் கணிதவியலர் ஜேம்ஸ் யார்க் கையில் அது கிடைத்து, அவர் தன் நண்பர்களுக்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 'கேயாஸ்' என்ற பெயரும் யார்க்கும் அவர் மாணவர் லீயும் 1975-ல் வைத்தது.

அந்தப் பட்டாம்பூச்சிக்கு வருவோம். 1963-ல் அவர் சொன்னது கடற்காக்கை: அதன் ஒரு சிறகடிப்பே வானிலையின் போக்கை மாற்றப் போதும் என்று வேறொரு வானிலையாளர் சொன்னதாக எழுதினார். 1972 டிசம்பர் 29 அன்று வாஷிங்டனில் ஒரு மாநாட்டில் பேச வேண்டியிருந்தது. நேரத்துக்குத் தலைப்பு கொடுக்காததால், ஏற்பாட்டாளரான ஃபிலிப் மெரிலீஸ் தாமே ஒரு தலைப்பு வைத்தார்: பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சுழற்காற்று கிளம்புமா? புகழ்பெற்ற பட்டாம்பூச்சி இப்படித்தான் வந்தது, இன்னொருவர் தயவில். சமன்பாட்டின் படமும் பட்டாம்பூச்சி மாதிரி இருப்பது தற்செயல்.

அந்தத் தலைப்பு ஒரு கேள்வி என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இன்று வாட்ஸ்அப்பில் 'உன் சின்னச் செயல் உலகையே மாற்றும்' என்று பட்டாம்பூச்சி படத்தோடு வருகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பேச்சில் லோரென்ஸ் முதலிலேயே தெளிவாகச் சொல்கிறார்: ஒரு சிறகடிப்பு சுழற்காற்றைக் கிளப்பக்கூடும் என்றால், கிளம்ப இருந்த ஒன்றைத் தடுக்கவும் அதே அளவு கூடும். தவிர, பட்டாம்பூச்சி ஒன்றா இருக்கிறது? கோடிக்கணக்கான பூச்சிகள், அவற்றைவிடப் பலமான எத்தனையோ உயிர்கள், நம் இனமும் சேர்த்து. எது எதற்குக் காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சின்ன விஷயத்துக்குப் பெரிய சக்தி இருக்கிறது என்று ஊக்கம் கொடுக்க அவர் வரவில்லை. நம் கணிப்புக்கு எல்லை எங்கே என்று கேட்கத்தான் வந்தார்.

அந்த எல்லைக்கும் அவர் கணக்குப் போட்டார். 1969-ல் வந்த கட்டுரைகளில், சின்னச் சுழல்களில் இருக்கும் பிழை மளமளவென்று பெரிய சுழல்களுக்கு ஏறிவிடும், அளவீட்டை எவ்வளவு நுணுக்கமாக்கினாலும் ஓர் அளவுக்குமேல் கணிக்கக்கூடிய நாள் நீளாது என்று காட்டினார். தினசரி வானிலைக்கு அந்த எல்லை ஏறக்குறைய இரண்டு வாரம். இன்றைய செயற்கைக்கோளும் சூப்பர் கம்ப்யூட்டரும் வந்த பிறகும் பெரும்பாலான வானிலையாளர்கள் அந்த எண்ணையொட்டித்தான் பேசுகிறார்கள்.

இது தோல்விச் செய்தி மாதிரி கேட்கும். நடந்தது நேர்மாறு. தொடக்கம் சரியாகத் தெரியாது என்றால், ஒரே தொடக்கத்தை நம்பி ஏன் ஓட்ட வேண்டும்? கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தொடக்கங்கள் வைத்து ஓட்டு; எல்லா ஓட்டமும் ஒரே பக்கம் போனால் தைரியமாகச் சொல்லு, சிதறினால் தயங்கிச் சொல்லு. 1992 டிசம்பரில் ஐரோப்பிய வானிலை மையமும் அமெரிக்க மையமும் இப்படிப் பல தொடக்கங்களை வைத்து ஓட்டும் முறையைத் தினசரி வேலையாகவே தொடங்கின. இந்தியாவில் 2018 முதல் 12 கிலோமீட்டர் நுணுக்கத்தில் அப்படி ஓட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் வானிலை ஆர்வலர்கள் 'ஐரோப்பிய மாடல் இந்தப் பக்கம் காட்டுகிறது, அமெரிக்க மாடல் அந்தப் பக்கம் காட்டுகிறது' என்று எழுதுவதைப் படித்திருப்பீர்கள். புயல் பாதைப் படத்தில் போகப் போக அகலமாகும் அந்தக் கூம்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூம்பு அகலமாவது ஏன் என்றால், அந்தக் காபிக் கதைதான் காரணம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் ஞாபகம் இருக்கிறதா? புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், கடைசியில் ஆகி, 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்து அங்கேயே நின்று கொட்டியது. கணிப்பாளர்களுக்கு எவ்வளவு திட்டு விழுந்தது! மாறும் கணிப்பை மாற்றிச் சொல்வது அவர்களுடைய நேர்மை என்று எனக்குப் படுகிறது.

அப்படியென்றால் பருவமழை இந்த வருடம் எப்படி என்று மாதக்கணக்கில் முன்னால் சொல்கிறார்களே, அது எப்படி? நல்ல கேள்வி, மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். அதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் உத்தரப்பிரதேசத்துக் கிராமத்திலிருந்து எம்.ஐ.டி. போய்ப் படித்த ஜகதீஷ் சுக்லா. அவரும் லோரென்ஸின் சகாவான ஜூல் சார்னியும் 1981-ல் சொன்னது: வெப்பமண்டலத்தில் ஒரு பருவத்தின் சராசரியை நிர்ணயிப்பதில் கடல்பரப்பின் வெப்பம் போன்ற மெதுவாக மாறும் விஷயங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகஸ்ட் 14 அன்று மழையா என்று ஜூனில் சொல்ல முடியாது. பருவம் முழுக்கக் கூடுதலா குறைவா என்பதை ஓரளவு சொல்லலாம்.

ஆள் எப்படி என்று கேட்டீர்கள். அமைதியானவர், கூச்ச சுபாவம், மெல்லிய குரல். பழகியவர்கள் எல்லோரும் சொல்வது அவருடைய பணிவைத்தான். 1983-ல் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமலோடு சேர்ந்து கிராஃபூர்ட் பரிசு, 1991-ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு. இளைஞனாகக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காற்றைக் கணித்தவரை, நாற்பத்தாறு வருடம் கழித்து அதே நாடு கூப்பிட்டு, நியூட்டனுக்குப் பின் இயற்கையைப் பற்றிய நம் பார்வையை இவ்வளவு மாற்றியவர்கள் குறைவு என்று கௌரவித்தது. எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மனதைத் தொடுகிற இடம் இதுதான்.

வீட்டைப் பற்றி அவர் வெளியே அதிகம் பேசியதில்லை. ஜேனும் அவரும் 2001-ல் ஜேன் இறக்கும்வரை 53 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். இரண்டு மகள்கள், ஒரு மகன். ஊர் மாறாமல், பதவி தேடி ஓடாமல், ஒரே இடத்தில் குடும்பத்தை வைத்து வாழ்ந்த மனிதர். நடப்பதும் மலையேறுவதும் பனிச்சறுக்கில் நெடுந்தூரம் போவதும் அவருக்கு உயிர். கொலராடோவில் ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் போல்டர் ஆய்வு மையத்துக்கு அடிக்கடி போவார். அங்கே மலை வாசலிலேயே இருக்கிறது. வயது எழுபதைத் தாண்டியும், எண்பதைத் தாண்டியும் நடையை விடவில்லை.

புற்றுநோயில்தான் இறந்தார். அப்போது அவருடைய மகள் ஒருவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது: அப்பா இரண்டரை வாரத்துக்கு முன்னால்கூட மலைநடை போனார், ஒரு வாரத்துக்கு முன்புதான் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரையை முடித்தார்.